‘அனுமதி இல்லை’ என்று சொன்னேன்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், பந்தி போடுவதற்கு முன்னால், நிவேதாவின் அப்பா உன் கையில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நீ கூச்சப்பட்டு நழுவிவிடுவாய் என்று நினைத்தேன். நீ நிதானமாகப் பேசினாய். “நான் பன்னெண்டாவது படிக்கும்போது எங்க அம்மா நல்ல வேலைய விட்டாங்க. எனக்காக. அதுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது” என்றாய். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நிவேதாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எனக்குக் கூச்சம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். உன் அப்பா மட்டும் என் பக்கம் பார்க்காமல் எழுந்து பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியும்.

நான் உனக்காக அந்த வேலையை விடவில்லை. இதை ஒன்பது வருடமாக உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் நீ நாவலூர் ஆபீஸிலிருந்து போன் செய்தாய். மொத்த டேட்டாபேஸும் உன் பொறுப்புக்கு வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாய். “பழைய ஆள் விட்டுட்டுப் போறாரும்மா. பாதி டேபிள் அவர் பேர்ல, பாதி வேற யார் பேர்லயோ இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஓனருக்கு மாத்திட்டா சுத்தமாயிடும்” என்றாய். நான் “சரிப்பா, பாத்து செய்” என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அதே வார்த்தைகளை அதே சந்தோஷத்தோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எனக்குச் சமாதானம் வேண்டாம். முழுவதும் படி.

நான் வேலை பார்த்த அந்த மருத்துவமனை உனக்கு நினைவிருக்கும். மூன்று மாடி, வாசலில் எப்போதும் ஆட்டோக்கள், ஸ்கூல் விட்டதும் நீ நேராக அங்கே வந்து கேன்டீனில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். டேட்டாபேஸுக்கு அங்கே நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் இருந்தவர் அவசர அவசரமாகச் செய்துவைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. நோயாளிகள் வந்துபோன விவரம் ஒரு டேபிளில் இருந்தது. மனநல ஆலோசகர் எழுதும் அந்தரங்கக் குறிப்புகள் இன்னொரு டேபிளில் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் காட்ட அவர் ஒரு வியூ போட்டிருந்தார். அந்த வியூவைத் திறக்க ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவைத்திருந்தார். ஆனால் குறிப்பு டேபிளைத் தொட முன்வரிசை கவுண்டர்காரர்களுக்கு ‘கூடாது’ என்று எழுதிவைத்திருந்தார். அந்த டேபிள் மட்டும் வேறொரு ஓனர் பெயரில் இருந்தது. அதனால் கவுண்டரில் யாராவது அந்த வியூவைத் திறக்கும் பட்டனை அழுத்தினால், அனுமதி இல்லை என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடும். அந்தப் பட்டன் நமக்கில்லை என்று அவர்களும் பழகிவிட்டிருந்தார்கள்.

உனக்கு இது தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால் எனக்கும் தெரிந்துதான் இருந்தது, படிப்பில் தெரிந்திருந்தது. வியூவுக்கும் அதற்கு அடியில் இருக்கும் டேபிளுக்கும் ஓனர் ஒருவரே என்றால், டேட்டாபேஸ் வியூவில் மட்டும்தான் அனுமதியைப் பார்க்கும். வியூவைத் திறக்கலாம் என்றால் டேபிளுக்கு அனுமதி உண்டா என்று மறுபடி கேட்காது. டேபிளில் ‘கூடாது’ என்று எழுதியிருந்தாலும் அதை எடுத்துப் பார்க்காது. ஓனர் மாறும் இடத்தில் மட்டும்தான் நின்று, இவர் உள்ளே வரலாமா என்று கேட்கும். எனக்கு முன்னால் இருந்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த வேறு பெயர்தான் ஒரே காவலாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எல்லா டேபிளையும் ஒரே ஓனர் பெயருக்கு மாற்றினேன். என் லாகினில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் திறந்தன. என் லாகினுக்கு எதுதான் திறக்காது? அடுத்த வாரம் பிழைச் செய்திகள் பாதியாகக் குறைந்தன. டைரக்டர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று நான் உனக்குப் பால்கோவா வாங்கிவந்தேன்.

கவுண்டரில் மெர்சி என்று ஒரு பெண் இருந்தாள். படப்பைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பெயரில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் திரையை நோயாளிகள் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டு, “பாருங்கம்மா, சரியா கீதா?” என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். ஒரு புதன்கிழமை ஒருவர் வந்து, தன் மனைவிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். மெர்சி பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். இரண்டு பட்டன் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் பக்கத்துப் பட்டனில் கை பட்டுவிட்டது. எப்போதும் மறுக்கும் அந்தப் பட்டன் அன்று திறந்துகொண்டது.

திரையில் அந்த மனைவி ஆலோசகரிடம் சொன்னதெல்லாம் இருந்தது. கணவர் அடிக்கிறார் என்பது இருந்தது. சர்ட்டிஃபிகேட்டையெல்லாம் ஏற்கெனவே பெரும்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்துவைத்துவிட்டேன், அடுத்த வாரம் நானும் அங்கே போய்விடப் போகிறேன் என்பதும் இருந்தது. நான்கு வரிதான். மெர்சி பட்டன் மாறிப்போனதைப் பார்த்து மூடுவதற்குள் அவர் படித்துவிட்டார். “சரிம்மா, நான் வூட்ல கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம்.

அன்று சாயங்காலமே அவர் மனைவியை அடித்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அக்காதான் எப்படியோ தெரிந்துகொண்டு எங்கள் மனநல ஆலோசகர் ஷீலா மேடத்துக்குப் போன் செய்தார். “நீங்க ரெண்டு பேர் மட்டும் பேசிக்கினது அவருக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று கேட்டாராம். ஷீலா மேடம் நேராக டைரக்டர் அறைக்குப் போனார். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எனக்கு அவள் பெயர் தெரியும் என்பதே ஒரு பாரம்.

விசாரணை அரைமணி நேரம் நடந்தது. மெர்சி நடந்ததை அப்படியே சொன்னாள். யாரும் கேட்பதற்கு முன்பே, கை மாறிப் பட்டது தன் தவறு என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தப் பட்டன் கவுண்டரில் திறக்காது என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தது என்று பதிவாகியிருந்ததே தவிர, யாருடைய லாகினில் என்று பதிவாகவில்லை. அதுவும் நான் செய்துவைத்திருக்க வேண்டிய வேலைதான். டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரே கேள்வி. ஃப்ரன்ட் டெஸ்குக்கு அந்த டேபிளப் பாக்க பர்மிஷன் இருக்கா, இல்லையா?”

நான் என் இடத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். குறிப்பு டேபிள், கவுண்டர் பிரிவு, கூடாது. தெளிவாக எழுதியிருந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். “இல்ல சார். அனுமதி இல்லை” என்றேன்.

மெர்சி என்னைப் பார்த்து, “அதுவா தொறந்துச்சு மேடம். சத்தியமா” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆலோசகரின் பாஸ்வேர்டைத் திருடித் திறந்திருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கியதை மேலேயிருந்து பார்த்தேன். அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை, கண்ணா. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அச்செடுத்த தாளில் இருந்தது உண்மை. அது வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, ஏனென்று தெரியாமல், கவுண்டர் லாகின் ஒன்றைப் போட்டுக்கொண்டு நானே அந்தப் பட்டனை அழுத்தினேன். திறந்தது. யாரோ ஒரு பெரியவரின் குறிப்பு என் முன்னால் விரிந்து கிடந்தது. அந்தக் கணமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றொரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஓனரை மாற்றிய வேலை, குறைந்துபோன பிழைச் செய்திகள், பாராட்டு, எல்லாம். வியூவைத் திறக்க எல்லோருக்கும் இருந்த அனுமதியை எடுத்துவிட்டு, ஆலோசகருக்கு மட்டும் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. மறுபடி கவுண்டர் லாகினில் அழுத்தினேன், அனுமதி இல்லை என்றது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உனக்குச் சப்பாத்தி போட்டேன்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. உனக்கு அரையாண்டுப் பரீட்சை. அப்பாவுக்கு அப்போது திருச்சிக்கு மாற்றல் வரும் என்று பேச்சு. மெர்சி வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்வாள், இருபத்து நாலு வயதுதானே. சரிசெய்துவிட்டேன், இனி யாருக்கும் ஆபத்து இல்லை. இப்படியெல்லாம். ஆனால் உடைந்த மணிக்கட்டை நினைத்தால் ஒரு காரணமும் நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நீ ஒருநாள், “என்னம்மா, ஒடம்பு சரியில்லையா? நான் தோசை ஊத்தித் தரட்டுமா?” என்று கேட்டு, கருகக் கருக மூன்று தோசை வார்த்துக் கொடுத்தாய். அதை முழுவதும் சாப்பிட்டேன். உனக்கு நினைவிருக்காது.

அப்புறம் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் மெர்சி எதிரே வந்தாள். நானே ஒதுங்கிப் போயிருப்பேன், கூட்டம் விடவில்லை. அவள்தான் நின்றாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

“மேடம், ஒன்னு கேக்கணும். நீங்க படிச்சவங்க. ஒரு வாட்டி மட்டும் தானா தொறக்கறது, அப்டி ஆகுமா மேடம்? எங்க அப்பாவே நம்ப மாட்டேங்கறாரு. வேற எங்க போனாலும் ஏன் அங்கேருந்து அனுப்சாங்கன்னு கேக்கறாங்க. பாஸ்வேர்டு திருடுனேன்னு எழுதிக் குடுத்துகிறாங்க. எனக்கே இப்ப டவுட்டா கீது, நான்தான் எதாவது தப்பா பண்ட்டேனான்னு.”

“பார்க்கிறேம்மா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் என்னை உடைத்தது. வேலை போனது ஒருபுறம் இருக்கட்டும். நடந்ததைத் தன் கண்ணால் பார்த்த பெண், என் ஒரு தாளால், தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். அவர் முழுவதும் கேட்டார். திட்டவில்லை. “நாளைக்குப் போய்ச் சொல்லிடு. நான் வேணா லீவு போட்டுட்டுக் கூட வரேன்” என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் டைரக்டர் அறைக்குப் போய், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “இப்ப சரியாயிடுச்சுல்ல மேடம்? அப்புறம் எதுக்கு இத கிளறணும்? அந்தப் பொண்ணும் வேற வேல பாத்துட்டிருக்கும்” என்றார். வேலை கிடைக்கவில்லை என்றேன். அவள்மேல் தவறில்லை என்று ஆஸ்பத்திரி எழுத்தில் கொடுக்க வேண்டும், அடிபட்ட அந்த மனைவிக்கும் அவள் அக்காவுக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றேன். கொடுப்போம், ஆனால் நீங்கள் இங்கே தொடர முடியாது என்றார். நியாயம்தான். அதே அறையிலேயே ராஜினாமாவை எழுதினேன்.

மெர்சியை வரவழைத்தார்கள். அவளை ‘மன்னித்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்வதாக’ ஒரு கடிதம் தயார் செய்திருந்தார்கள். அவள் நின்றபடியே படித்தாள். “மன்னிச்சுன்னு போட்டுகிறீங்களே சார். நான் இன்னா தப்பு பண்ணேன்? கை மாறிப் பட்டுச்சு, அத அன்னிக்கே சொல்லிட்டேன்” என்று கேட்டாள். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்தார்கள். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலை வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டாள். வெளியே வராந்தாவில் நான் நின்றிருந்தேன். கை கூப்பினேன். அவள், “எங்க அப்பாகிட்ட நீங்களே போன்ல சொல்றீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டாள். அங்கேயே அவள் போனில் பேசினேன். தவறு உங்கள் மகள்மேல் இல்லை, என்மேல் என்றேன். மறுமுனையில் அவர், “சரிம்மா” என்றார். இவ்வளவுதான் நான் அவளுக்குச் செய்தது.

ஷீலா மேடத்திடம், கை உடைந்த அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அக்கா வீட்டு முகவரி கொடுங்கள் என்று கேட்டேன். “உங்க மனசு லேசாகணும்னு அவங்க இன்னொரு வாட்டி இத உக்காந்து கேக்கணுமா?” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று என் மேஜைச் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்தாய். பெட்டியைப் பார்த்துவிட்டு, “வேலைய விட்டுட்டியா? ஏம்மா?” என்றாய். நான், “உனக்குப் பப்ளிக் எக்ஸாம் வருதுல்ல” என்றேன். அது பொய்யில்லை. உனக்குப் பரீட்சை வரத்தான் செய்தது. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். டைரக்டருக்குக் கொடுத்த அதே மாதிரிப் பதில். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவை, அதுவும் இந்த முறை தெரிந்தே. நீ என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த வருடம் பேய்போலப் படித்தாய். ஒரு சினிமாவுக்குப் போகவில்லை, கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் தூக்கிப் போட்டாய். அம்மா எனக்காக விட்டாள் என்று உன்மேல் நீயே ஏற்றிக்கொண்ட அந்தப் பாரத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இறக்கிவைக்க ஒரு வாக்கியம் போதும். என் மகன் என்னைப் பெருமையாகப் பார்க்கிறான் என்ற ஆசையில் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. மெர்சிக்குச் செய்ததைக்கூட என்னால் விளக்க முடிகிறது, பயம் என்று. உனக்குச் செய்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

ஆகவே நீ எனக்கு எதற்கும் ஈடு செய்ய வேண்டியதில்லை. போன மாதம் ஹைதராபாத் வேலையை, அம்மாவை விட்டுப் போகக் கூடாது என்று மறுத்தாயே, அதில் இந்தக் கணக்கும் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த முடிவை மறுபடி யோசி. நீயும் நிவேதாவும் சேர்ந்து யோசியுங்கள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவள் வீட்டாரிடம் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீ எனக்காகப் பேச வேண்டாம்.

ஆபீஸ் வேலைக்கும் ஒன்று சொல்கிறேன். ஓனரை மாற்றாதே என்று சொல்லவில்லை, மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாற்றுவதற்கு முன்னால், இப்போது எதெல்லாம் மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று பார். வேறு பெயரில் இருப்பதாலேயே பூட்டியிருக்கும் கதவுகள் இருக்கும், அவற்றைத் தேடு. ஒரு டேபிளில் ‘கூடாது’ என்று எழுதியிருக்கிறது என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதே. அதற்கு மேலே இருக்கும் வியூவை யார் யார் திறக்கலாம் என்பதைத் திருத்து. மாற்றிய பிறகு உன் லாகினில் சோதிக்காதே. உன் ஆபீஸில் மிகக் குறைந்த அனுமதி உள்ளவர் யாரோ, அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவர் லாகினில் ஒவ்வொரு பட்டனாக அழுத்து. பிழைச் செய்தி ஒன்று திடீரென்று வராமல் போனால் உடனே சந்தோஷப்படாதே. நாளைக்கு ஏதாவது தவறு நடந்து, அனுமதி இருக்கிறதா இல்லையா என்று உன்னை யாராவது கேட்டால், தாளைப் பார்த்துப் பதில் சொல்லாதே. எதிரில் நிற்பவர் சொல்வதை ஒரு தடவை செய்துபார்த்துவிட்டுப் பேசு. பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் இருந்தது, நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக் கடையில் ஷீலா மேடத்தைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. உனக்குக் கல்யாணம் பேசியிருப்பதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது அவராகவே, “அவங்க நல்லா இருக்காங்க. அப்பவே அந்த வீட்ட விட்டு வெளிய வந்துட்டாங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்” என்றார். போதும் என்றேன். எங்கே இருக்கிறாள், கை சரியாகிவிட்டதா, இப்போது யாரோடு இருக்கிறாள் என்றெல்லாம் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவள் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை.

உன் அம்மா